அரசரின் பாயசம் போன இடம்

சங்கேந்தி நாட்டு அரசருக்குத் 'திக்கெட்டும் வென்றான்' என்று பட்டம். எந்தத் திக்கை வென்றார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரண்மனைப் படியேறினாலே மனிதருக்கு மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் பட்டத்தின் மேல் ஆசை இருக்கிறதே, அப்பப்பா! ஏரி வெட்டினால் திக்கெட்டும் வென்றான் ஏரி. நெல் அளந்தால் திக்கெட்டும் வென்றான் மரக்கால். பட்டத்து யானைக்கும் அதே பெயர்தான்.

ஒரே மகள் நங்கையைக் கடல் கடந்து கிராம்புத் தீவில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு வளைகாப்பு வந்தது. தாய்வீட்டுப் பொன்வளையல் போடாவிட்டால் மாமியார்க்காரி சும்மா விடுவாளா? குத்திக் காட்டியே பெண்ணை அழ வைத்துவிடுவாள்.

கொள்ளைக்காரர் பயத்தால் பொன்னை யாரும் கப்பலேற்றுவதில்லை. இங்கே வணிகர் வங்கியில் கட்டினால் ஓலை மட்டும் போகும். அங்கே இருக்கும் வங்கி ஓலையைப் பார்த்துப் பொன்னைக் கொடுக்கும். கப்பலோ அன்று மாலை கிளம்புகிறது. அதை விட்டால், பருவக்காற்று திரும்பி அடுத்த கப்பல் கிளம்புவதற்குள் குழந்தையே பிறந்துவிடும்.

அனுப்பும் பொறுப்பு சேந்தனுக்கு. வாய்த்துடுக்குக்குச் சம்பளம் வாங்கும் ஒரே அரசவை ஆள் அவன்தான். நங்கை சின்ன வயதில் அவன் தோளில் ஏறி விளையாடியவள். அவள் கண்கலங்க அவன் விடுவானா?

"மன்னா, ஓலையில் பதினோரு எழுத்துக் குறியீடு வேண்டும். முதல் நான்கு எழுத்து எந்த வங்கி என்று சொல்லும். அடுத்த இரண்டு எந்த நாடு, அதற்கடுத்த இரண்டு எந்த ஊர், கடைசி மூன்று எந்தக் கிளை."

"சரி. என் பட்டம் எங்கே வரும்?"

"வராது மன்னா."

அவ்வளவுதான். அரசர் மீசை துடித்தது. பக்கத்தில் இருந்த அமைச்சர் பல்லவராயர் சும்மா இருப்பாரா? சேந்தன் என்றாலே அவருக்கு வேப்பங்காய்.

"'திக்கெட்டும் வென்றான் மகளுக்கு' என்று எழுதினால் கடலே வழிவிடுமே மன்னா! இவன் ஏதோ அரிச்சுவடி படிக்கிறான்."

"அப்படிச் சொல்லும்!" என்றார் அரசர். "என் பட்டத்தைச் சொன்னால் எதுவும் தானாகப் போய்ச் சேரும். இன்றுமுதல் இந்த நாட்டில் வேறு விலாசமே சொல்லக்கூடாது. இது ஆணை!"

"உத்தரவு மன்னா" என்று கும்பிட்டுவிட்டு, சேந்தன் நேரே மடைப்பள்ளிக்கு நடந்தான்.

உச்சிவேளை ஆயிற்று. அரசர் இலை முன்னால் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. வயிறு கடமுடா என்றது.

"சேந்தா! சோறு எங்கே?"

"'திக்கெட்டும் வென்றானுக்கு' என்றுதான் சொல்லி அனுப்பினேன் மன்னா. களஞ்சியத்து மரக்காலில் கொட்டிவிட்டார்களாம்."

"குழம்பு?"

"ஏரியில். மீன்களுக்குக் கொஞ்சம் உறைப்பு போலிருக்கிறது."

"பாயசம்?"

வெளியே யானை பிளிறியது.

"இன்னொரு அண்டா கேட்கிறார் மன்னா."

"அடப்பாவி! நான் இங்கே இருப்பது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். தூக்கிப்போனவனுக்கு எப்படித் தெரியும்? எந்த மாளிகை, எந்தக் கூடம், எந்த இலை என்று சொல்ல உங்கள் ஆணை விடவில்லையே. கொல்லைப்புறத்திலிருந்து வரும் பாயசத்துக்கே இந்தக் கதி. நங்கையின் பொன் கடலைத் தாண்ட வேண்டும் மன்னா! அங்கே எத்தனை ஊர், எத்தனை வங்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிளை!"

அரசர் முகம் தொங்கிப்போயிற்று. "என் பெண் வெறுங்கையோடு நிற்பாளாடா?" என்றார். "எழுது, பதினோரு எழுத்தையும் எழுது! பட்டம் கிடக்கட்டும். ஓடு!"

சேந்தன் ஓட்டமாக ஓடினான். கப்பல் பாய் விரிக்கும் நேரத்தில் ஓலை அதில் ஏறிற்று. மாமியார்க்காரி வாயடைத்துப்போன சேதி பிறகு வந்தது.

அந்தச் சேதி வந்த நாளில் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பல்லவராயரே, உம் கையாலேயே சேந்தனுக்கு நூறு பொன் அனுப்பிவையும்!"

பல்லவராயர் முகம் திடீரென்று மலர்ந்தது. "அப்படியே மன்னா!"

சேந்தன் பதறி எழுந்தான். "மன்னா, மன்னா! தெருவும் வீடும் சேர்த்துச் சொல்லுங்கள்!"

"ஏனய்யா, உன்னைத் தெரியாதவர் உண்டா?"

"அதில்லை மன்னா. இவர் தம் கழுதைக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்!"