குன்றுக்கு அப்பால் எரி

கேளுங்கள், கேளுங்கள்! மன்னர்கள் யானைமேலும் புலவர்கள் தங்கள் புகழ்மேலும் ஏறித் திரிந்த காலத்தில் கருங்குன்றூர் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே எழுத்தறிந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் புலவர் செங்கோடனார்.

ஊருக்குப் பின்னால் முட்காடு மண்டிய குன்று. அதன் அடிவாரத்தில் முன்னோர் எழுத்து வெட்டிய ஒரு கல். இளம் வயதிலேயே அதைப் படித்துச் சொன்னார் செங்கோடனார்: "குன்றுக்கு அப்பால் எரி." எரி என்றால் நெருப்பு. நல்லவேளை தப்பித்தோம் என்று ஊரே அவருக்குப் பட்டாடை போர்த்தியது. அதன்பின் குன்றில் ஏற ஒருவரும் நினைக்கவில்லை.

பிறகு மூன்று ஆண்டு மழை இல்லை. கிணறுகள் வற்றின. மாடுகள் சுருண்டு விழுந்தன. கைக்குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

ஒருநாள் குன்றுக்கு அப்பாலிருந்து நாரைக் கூட்டம் பறந்து வந்தது. அங்கே தண்ணீர் இருக்குமோ என்று ஊர் பரபரத்தது. "நெருப்புக்குப் பயந்து வருகின்றன" என்றார் புலவர்.

இன்னொரு நாள் விடியலில் குன்றின் உச்சியில் வெண்மூட்டம் தவழ்ந்தது. பனியோ என்றார்கள். "புகை" என்றார் புலவர்.

கடைசியில் ஊரைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் தெருவில் நின்றபோது, ஆடு மேய்க்கும் பூவாயி ஓடி வந்தாள்.

"ஐயா! தொலைஞ்சுபோன ஆடு குன்றுப் பக்கமிருந்து வந்திருக்கு. காலைப் பாருங்க, முட்டி வரைக்கும் சேறு!"

புலவரிடம் பதில் தயாராக இருந்தது. 'நெருப்பில் உருகிய மண்' என்று சொல்ல வாயைத் திறந்தவர், குனிந்து அந்த ஈரச் சேற்றைத் தொட்டுப் பார்த்தார். நாரை வந்தாலும் எரி, மூட்டம் வந்தாலும் எரி, சேறு வந்தாலும் எரியா? ஐயோ, இத்தனை நாளும் நான் காப்பாற்றியது ஊரையா, என் சொல்லையா?

விழுந்தடித்துக்கொண்டு கல்லிடம் ஓடினார். புதிதாகப் படிக்கிறவர் போல எழுத்துக் கூட்டினார். அந்தக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். எரி... ஏரி!

ஊராரிடம் திரும்பி வந்து, "நான் தப்பாகப் படித்திருக்கலாம். அது ஏரியாகவும் இருக்கலாம்" என்றார். வெட்கத்தில் முகம் சிவந்துபோயிற்று.

"அப்படியென்றால் ஏரிதானா?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் வேளாதன்.

"தெரியாது! எரி என்றபோதும் உறுதியோடுதான் சொன்னேன். போய்ப் பார்த்துவிடுகிறேன்."

முள் கிழிக்க, மூச்சு வாங்க ஏறினார். உச்சியில் நின்று பார்த்தால், அம்மம்மா! கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்! துள்ளிக் குதித்தார். "ஏரி! ஏரி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கீழே என்ன ஆயிற்று தெரியுமா? காலமெல்லாம் எரி, எரி என்றே கேட்டுப் பழகிய காதுகளில் அது "எரி!" என்றே விழுந்தது. ஐயோ நெருப்பு என்று மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடத் தொடங்கியது.

புலவர் பதறிப்போனார். இனி சொல்லால் ஆகாது என்று புரிந்தது. மறுபுறம் இறங்கி, பட்டாடையோடு ஏரியில் குதித்து முழுகி எழுந்தார். சொட்டச் சொட்ட ஓடிவந்து, மூட்டைச் சுமையோடு தள்ளாடிக்கொண்டிருந்த ஊராரைக் கைகளை விரித்து வழிமறித்தார்.

பூவாயி அவருடைய ஆடையின் முனையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற தாயின் இடுப்பிலிருந்த குழந்தையின் வாயில் பிழிந்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. அவ்வளவுதான், ஊரே ஆரவாரமிட்டுக் குன்றை நோக்கிப் பாய்ந்தது!

'நான் நினைப்பது தவறாக இருக்குமோ' என்று தம்மையே கேட்கத் துணிகிறவர், தாமும் பிழைப்பார், தம்மை நம்பியவரையும் பிழைக்க வைப்பார்.