மாறப்பன் கேட்ட வீரக்கழல்

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். சண்டையில பின்வாங்காம நின்ன வீரனுக்கு, ஊரே பாக்க, தன் கையாலயே கால்ல வீரக்கழல் மாட்டிவிடுவாராம். கழல்னா கொலுசுன்னு நெனைக்காதீங்க கண்ணுங்களா, ஆம்பளைங்க கால்ல போடுற, நடந்தா கலீர்னு சத்தம் கேக்குற தங்கக் காப்பு அது. போட்டவங்க ராசா பக்கத்துல உக்காரலாம். ஆனா சண்டை வந்தா முன்வரிசையில நிக்கணும்.

அந்த வருசம் செங்கோடனுக்குக் கெடச்சுது. அவன்கூட வாள் பழகுன மாறப்பனுக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது. சோறு போட்டா எறங்கல, பால் குடுத்தா எறங்கல, பச்சத்தண்ணி கூட எறங்கலையாம்! செங்கோடன் தெருவுல வந்தா சனங்க எழுந்து கும்புடுது. 'எனக்கு மட்டும் என்ன கொறைச்சல்?'னு பொருமிக்கிட்டே கெடந்தான்.

அப்புறம் என்ன பண்ணான்? செங்கோடன்கிட்ட போயி, "மச்சான், உன் கழல் சத்தத்துல ராசாவுக்குத் தலைவலி வருதாம். நாளைக்குக் கழட்டி வச்சிட்டு வா"ன்னான். பாவம், அவன் நம்பிட்டான். அங்கருந்து மாறப்பன் ராசாகிட்ட ஓடி, "மகாராசா, நீங்க குடுத்தது வெறும் பித்தளைன்னு செங்கோடன் எளப்பமாப் பேசறான்"ன்னான். நாக்கு கூசலை பாருங்க!

மறுநாள் செங்கோடன் வெறுங்காலோட வந்தான். ராசாவுக்குக் கோவம்னா கோவம். "கழல் எங்கடா?"

"அந்தச் சத்தம் உங்களுக்குத் தலைவலின்னாங்க மகாராசா..."

"யாரு சொன்னா?"

செங்கோடன் மாறப்பனை ஒரு பார்வை பாத்தான், தலையக் குனிஞ்சுக்கிட்டான். கூட்டாளியக் காட்டிக்குடுக்க மனசு வரல. ஆனா அந்தப் பார்வையிலயே இது யாரு வேலைன்னு ராசாவுக்குப் புரிஞ்சுபோச்சு. "அந்தக் கழலைக் கொண்டாந்து மாறப்பனுக்கு மாட்டுங்க"ன்னாரு.

மாறப்பனுக்குத் தலைகால் புரியல. கழலை மாட்டிக்கிட்டு மேலத்தெருவுல நடந்தான், கீழத்தெருவுல நடந்தான், செங்கோடன் வீட்டு வாசல்ல வேணும்னே நடந்தான்.

அப்ப பாத்து எதிரிப்படை வந்துருச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் யானை யானையா நிக்குது. "கழல் போட்டவங்க முன்ன வாங்க!"ன்னாரு ராசா. மாறப்பனுக்குக் கால் எழும்பவே மாட்டேங்குது. தடால்னு ராசா கால்ல விழுந்தான். "எனக்கு இது வேண்டாம் மகாராசா! பொறாமையில பொய் சொல்லிட்டேன்!"

"அங்க பாருடா"ன்னாரு ராசா.

முன்வரிசையில, யாரும் கூப்பிடாமயே, வெறுங்காலோட வேலைப் புடிச்சிக்கிட்டு நின்னான் செங்கோடன்.

சண்டையில செயிச்சாங்க. சபை கூடுச்சு. இந்தத் தடவை ராசா எழுந்திரிக்கல. "மாறப்பா, நீயே மாட்டிவிடு"ன்னாரு. ஊரே பாக்க, செங்கோடன் காலடியில மண்டிபோட்டு மாட்டுனான் மாறப்பன். அடுத்தவன் நல்லா இருக்கறதப் பாத்து வெந்து சாகாதீங்க கண்ணுங்களா.

செங்கோடன் ராசாவோட விருந்துக்குப் போனான், நீங்க போர்வைக்குள்ள போங்க.