நாகப்பட்டினத்தில் நின்ற கார்

பழைய குடும்பப் புகைப்படத்தில் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்தான் அந்தக் காரின் சொந்தக்காரர் என்றொரு நம்பிக்கை நம் பக்கத்தில் வெகுகாலமாக நிலவி வருகிறது. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதற்கில்லை. சொந்தக்காரர் பெரும்பாலும் படத்திலேயே இருக்க மாட்டார். சில படங்களில் காரே இருக்காது.

திருவாரூர் தையல்நாயகியிடம் அப்படியொரு படம் இருந்தது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்தெட்டு. படத்தில் அவள் அப்பா சிங்காரவேலு காருக்குள் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை ஸ்டியரிங்கில். கதவின் மேல் கிடக்கும் மறு கையில் ஏதோ வெளுப்பாகத் தெரிகிறது. அட்டையின் அடியில் நாகப்பட்டினத்து ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை.

அம்மா சொன்ன கதை சின்னது. 1926 சித்திரையில் அப்பா நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறினார். ஏறிய அன்று எடுத்த படம் இது. கையில் இருப்பது கார் ஓட்டுகிறவர்கள் போடும் கையுறை. போன மறுமாதமே காய்ச்சலில் இறந்துவிட்டார். தையல்நாயகி பிறந்தது மார்கழியில். அதற்கு மேல் கேட்டால் அம்மாவுக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். ஆனால் சாகிறவரை அம்மா நெற்றியில் குங்குமம் இருந்தது. கேட்டவர்களிடம், "நான் உடம்பைப் பார்க்கலையே" என்பாள்.

தான் ஒருத்தி பிறந்தது அப்பாவுக்குத் தெரியாமலே போயிற்றே என்பதுதான் தையல்நாயகியின் ஏக்கம். எந்தப் படிவத்திலாவது தகப்பனார் பெயர் எழுத வேண்டி வந்தால், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போலிருக்கும் அவளுக்கு. கார் யாருடையது என்று தெரிந்தால் அப்பாவைத் தெரிந்த குடும்பம் ஒன்று அகப்படும், ஒரு பழைய கடிதமாவது கிடைக்கும் என்று நினைத்தாள். மாமன் மகன் வைத்திலிங்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பழைய கார் உதிரி பாகங்கள் விற்கும் அமானுல்லா மரைக்காயரைத் தேடி நாகப்பட்டினம் போனாள்.

மரைக்காயர் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. இது கார் இல்லை."

"பின்னே?"

"பலகை. சக்கரத்து இடைவெளியில பாருங்க, பின்னாடி துணித்திரையோட மடிப்பு தெரியுது. பலகையில காரை வரைஞ்சு, அறுத்து நிறுத்தி, பின்னால ஸ்டூல் போட்டு உட்கார வச்சிடுவாங்க. அந்தக் காலத்து ஸ்டூடியோவுல இது சகஜம்."

"எங்க மாமா பலகையிலயா சவாரி போனார்?" என்றார் வைத்திலிங்கம்.

"பஞ்சர் ஆகாதுல்ல." மரைக்காயர் மறுபடி குனிந்தார். "ஆனா வரைஞ்சவன் கெட்டிக்காரன். ரேடியேட்டரோட மேல்விளிம்பு நடுவில இறங்கி வளையுது பாருங்க. இது ஃபோர்டு ஏ மாடல். அமெரிக்காவுலயே இருபத்தேழு கடைசியிலதான் வெளியே வந்துச்சு. இங்க வர இருபத்தெட்டு ஆயிருக்கும். கார் வராம பலகை வராது."

தையல்நாயகி கணக்குப் போட்டாள். அப்போது அவளுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். இறந்துபோன அப்பா, வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

"உயிரோட இருந்தாரா தம்பி?"

"கண்ணைத் திறந்துகிட்டுத்தானே இருக்கார் அக்கா."

லென்ஸ் மெல்ல அந்த மறு கைக்கு நகர்ந்தது, அங்கேயே நின்றது. வைத்திலிங்கம் லென்ஸை வாங்கித் தானும் பார்த்தார்.

"கையுறைதான்" என்றார். பிறகு, அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "மரைக்காயரே, அத்தை சொன்னபடியே இருந்துட்டுப் போகட்டும். இவ்வளவு கிட்ட வந்தும் வீட்டுக்கு வரலைங்கற வருத்தமே அவளுக்குப் போதும்."

"அத்தான், அதைக் குடுங்க."

"உனக்குக் கண்ணே சரியில்லை தையலு. என்னத்தைப் பார்க்கப் போறே?"

மரைக்காயர் அவர் கையிலிருந்து லென்ஸை எடுத்துத் தையல்நாயகியிடம் கொடுத்தார். மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டு, அலமாரியில் இருந்த ஒரு பழைய ஹாரனைத் துடைக்கப் போய்விட்டார்.

வெளுப்பாகத் தெரிந்தது ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வார். வாரின் நுனியில் பொத்தான். நடக்கப் பழகும் குழந்தையின் காலணிகள்.

கையுறை என்று சொல்லிவைத்த தாய். அந்தச் சொல்லைக் காப்பாற்றப் பார்த்த வைத்திலிங்கம். வாயைத் திறக்காமல் லென்ஸைக் கொடுத்த மரைக்காயர். மூவரில் ஒருவருக்கும் தையல்நாயகியை நோகவைக்கும் எண்ணமில்லை. சொல்லுங்கள், யார் செய்தது சரி?

விடை: மரைக்காயர். வைத்திலிங்கம் ஒரு மணி நேர ரயில் தூரத்தை மட்டும் பார்த்தார். காலணி வாங்குகிறவருக்கு அதைப் போட ஒரு கால் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அது நடக்கத் தொடங்கியதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செய்தி திருவாரூரிலிருந்துதான் பினாங்குக்குப் போயிருக்கும். எழுதியிருக்கக் கூடியவள் ஒருத்திதான். ஆகவே சிங்காரவேலு உயிரோடு இருப்பது தாய்க்குத் தெரியும். குங்குமத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவர் ஏன் வீட்டுக்கு வராமல் திரும்பிப் போனார், அவள் ஏன் இறந்துவிட்டதாகச் சொன்னாள் என்பதற்குப் படத்தில் சான்றில்லை. உண்டென்பவர்களை நம்ப வேண்டாம். தாய் மகளிடமிருந்து மறைக்க விரும்பியது ஒரு வலியை. மகள் வாழ்நாளெல்லாம் கேட்ட பதிலும் காலணி பிடித்த அதே கையில்தான் இருந்தது. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்ட வழியில்லை.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைப் படையலுக்குத் தையல்நாயகி வழக்கம்போல் இரண்டு இலை போடாமல் அம்மாவுக்கு மட்டும் போட்டாள்; அப்பாவின் உடம்பை அவளும் பார்க்கவில்லை.