நடுப்பிள்ளை மருதியின் கொண்டை

பறவையும் மிருகமும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கொண்டலாத்திக்குத் தலையில் கொண்டை கிடையாது. புறாவுக்கு இருப்பது போல வழவழவென்று ஒரு தலை, அதற்கு முன்னால் நீளமாய் ஓர் அலகு, அவ்வளவுதான். அதைப் பற்றி அந்தக் குலத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அப்போது வஞ்சி என்று ஒரு தாய்க் கொண்டலாத்தி இருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் நெடியான், பெயருக்கேற்ற வளர்த்தி. கடைக்குட்டி பொட்டு, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தே நாலு நாள்தான் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் மருதி. மூவருக்கும் இன்னும் பறக்கத் தெரியாது.

ஆற்று மணலில் யானையும் குரங்குகளும் சேர்ந்து, பறக்காத குஞ்சுகளுக்கென்றே ஒரு விளையாட்டுத் திடல் போட்டிருக்கும் செய்தி வந்ததும் கூட்டுக்குள் ஒரே ரகளை. அங்கே ஆலம்விழுதில் பெரிய ஊஞ்சல் ஒன்று இருக்கிறதாம். ஏறினால் பறப்பது போலவே இருக்குமாம். அதைக் கேட்ட மருதிக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

அப்பாக்காரன் விவரமானவன். "எனக்கு இறக்கை வலிக்குது, நீ கூட்டிட்டுப் போயிட்டு வா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றையும் நடத்திக் கூட்டிக்கொண்டு வஞ்சி கிளம்பினாள். வழியில் பொட்டுவுக்கு இரண்டு முறை கால் வலித்தது, மூன்று முறை பசித்தது.

திடலின் வாசலில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. பக்கத்தில் ஒரு நாணல் குச்சி, அதில் இரண்டு கோடுகள். மேல் கோட்டைத் தொடுகிற பிள்ளைக்கு ஊஞ்சல். கீழ்க் கோட்டுக்குள் அடங்குகிற பிள்ளைக்கு ஆமைச் சவாரி. நெடியான் மேல் கோட்டைத் தாண்டி நின்றான். பொட்டு கீழ்க் கோட்டுக்குப் பாதிகூட இல்லை. மருதியை நிறுத்தியபோது கொக்கு குனிந்து பார்த்தது, நிமிர்ந்து பார்த்தது.

"ஆமைக்குப் பெருசு, ஊஞ்சலுக்குச் சிறுசு. இந்தப் பிள்ளை எதுலயும் ஏற முடியாதும்மா."

"கொக்கண்ணே, ஒரு நகத்தளவுதானே குறையுது!"

"அளவுன்னா அளவுதான் தாயி."

ஊஞ்சல் கிழக்கு மூலையில், ஆமை மேற்கு மூலையில். நெடியான், "அம்மா, நான் ஆடுறதைப் பாரு!" என்று இங்கிருந்து கத்தினான். பொட்டு, "அம்மா, ஆமை ஓட மாட்டேங்குது!" என்று அங்கிருந்து கத்தினாள். வஞ்சி பறந்து பறந்து இறக்கை ஓய்ந்துபோனாள். இரண்டுக்கும் நடுவே மருதி மணலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட வஞ்சி ஓர் அதட்டல் போட்டுச் சமாளித்திருப்பாள். ஆனால் அவள் அழவில்லை.

"நான் பொட்டுவோட தீனியப் பிடிச்சுக்கறேம்மா. நீ போய் அவங்களப் பாரு" என்றாள்.

அதைக் கேட்ட வேகத்தில்தான் வஞ்சி அந்தக் காரியத்தைச் செய்தாள். இடி விழுந்து கரிந்துபோன வேப்பமரத்துக்குப் பின்னால் மருதியைக் கூட்டிப்போனாள். தன் நெஞ்சிலிருந்து நாலைந்து செந்நிற இறகுகளைப் பிடுங்கி, வேப்பம்பிசினில் தோய்த்து, பிள்ளையின் உச்சந்தலையில் ஒட்டவைத்தாள். கரிந்த பட்டையில் உரசி இறகுகளின் நுனியெல்லாம் கறுத்துப்போயின. மருதி நெற்றியைச் சுருக்கினால் அவை விசிறியாய் எழுந்தன. நெற்றியைத் தளர்த்தினால் படுத்துவிட்டன.

"குச்சிக்கிட்ட போனதும் நெத்தியைச் சுருக்கு. சிரிச்சிடாதே."

கொக்கு சந்தேகத்தோடு பார்த்தது. "காலையில இது இல்லையே?"

"வளர்ற பிள்ளை அண்ணே, வளருது" என்றாள் வஞ்சி, அலகு கூசாமல்.

கோட்டைத் தாண்டி இறகு நின்றது. கொக்குக்கு வேறு வழியில்லை. ஊஞ்சல் கூடையில் நெடியானுக்குப் பக்கத்தில் மருதி ஏறி உட்கார்ந்தாள். குஞ்சுகள் விழாமலிருக்கக் கூடையின் குறுக்கே ஒரு மூங்கில் கட்டை. யானை ஒரு தள்ளு தள்ளியது. "பறக்கறேன்! அம்மா, நான் பறக்கறேன்!" என்று மருதி கத்தியதைக் கேட்டு வஞ்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பொட்டு, "அம்மா, ஆய்!" என்றாள்.

அவளைப் புதர் ஓரம் தள்ளிக்கொண்டு போய் வஞ்சி திரும்புவதற்குள் நெடியானின் அலறல் கேட்டது. ஊஞ்சல் உச்சிக்குப் போனபோது சந்தோஷம் தாளாமல் மருதி இரண்டு இறக்கையையும் விரித்திருக்கிறாள். கட்டைக்கு அடியில் வழுக்கி, அந்தரத்தில் விழுந்துகொண்டிருந்தாள்.

வஞ்சி எப்படிப் பறந்தாளோ, அவளுக்கே தெரியாது. நீட்டிய அலகுக்கு அகப்பட்டது அந்த ஒட்டுக்கொண்டைதான். கவ்வினாள். பிசின் விடவில்லை. தாயும் மகளும் மணலில் வந்து பொத்தென்று விழுந்தார்கள்.

மூச்சு வந்ததும் வஞ்சி நின்றுபோன கூடையைப் பார்த்தாள். குறுக்குக் கட்டை நெடியானின் நெஞ்சைத் தாங்கியிருந்தது. மருதி உட்கார்ந்திருந்தபோது அது அவள் கழுத்துக்குத்தான் வந்திருக்கும். நாணலின் கோடு எதற்காகப் போட்டது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களை ஏமாத்திட்டேன் கொக்கண்ணே. அதைவிட என் பிள்ளையை ஏமாத்திட்டேன். இவ உசரம் இவ்வளவுதான்னு நானே ஒத்துக்காமப் போயிட்டேனே."

கொக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் யானை குறுக்கிட்டது. "தப்பு எங்க மேலயும் இருக்கு. பெருசுக்கு ஒண்ணு வச்சோம், சிறுசுக்கு ஒண்ணு வச்சோம். நடுப்பிள்ளைன்னு ஒண்ணு இருக்குமேன்னு ஒருத்தருக்கும் தோணல பாரு!"

சொல்லிவிட்டுத் தும்பிக்கையைத் தொட்டில் போலச் சுருட்டி, மருதியை அதற்குள் உட்காரவைத்து ஆட்டியது.

"இன்னும் ஒசரம், ஆனை மாமா!"

"இவ்வளவுதான் பாப்பா. கீழே விட்டா உங்கம்மா என்னைக் கொத்திப்புடுவா."

மைனாவின் இரண்டாவது பெண், கௌதாரியின் நடுப்பையன், அதுவரை எதிலும் ஏறாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அத்தனை நடுப்பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் தும்பிக்கைக்கு நின்ற வரிசை ஊஞ்சல் வரிசையைவிட நீண்டுவிட்டது. நெடியான், "எனக்கும் அதுதான் வேணும்" என்று அடம் பிடித்தான். "நீ ரொம்பப் பெருசுடா" என்று மருதி சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் ஆற்றில் எவ்வளவு தேய்த்தும் கொண்டை கழன்று வரவில்லை. மருதி நடப்பதை நிறுத்திவிட்டாள். "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

வஞ்சி மறுபடி வேப்பமரத்தைத் தேடிப் போனாள். நெடியானுக்கு ஒன்று, பொட்டுவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கூட்டில் கண் விழித்த அப்பாக்காரன் நாலு கொண்டைகளைப் பார்த்து மிரண்டான். "இறக்கை வலின்னு நல்லாத் தூங்கினீங்கல்ல? தலையைக் காட்டுங்க" என்று அவனுக்கும் ஒன்றை ஒட்டிவிட்டாள் வஞ்சி.

சில நாளில் மருதி நிஜமாகவே பறந்தாள். பறந்து போய் ஒரு பாறையில் இறங்கியதும், எதிரே கொக்கு குச்சியோடு நிற்பதாக நினைத்தாளோ என்னவோ, நெற்றியைச் சுருக்கிக் கொண்டையை விரித்தாள். அடுத்த கணமே அம்மா சொன்னது ஞாபகம் வந்து, 'என் உசரம் இவ்வளவுதான்' என்று தானாகவே மடக்கிக்கொண்டாள். அந்தக் கொண்டை குலத்துக்கே நிலைத்துவிட்டது. கொண்டலாத்தி எங்கே வந்து இறங்கினாலும் கொண்டையை ஒருமுறை விரித்துப் பார்த்து, உடனே மடக்கிக்கொள்வது அன்று முதல்தான்.