தாண்டக் கூடாத வாசல்

சட்ட மறுப்பு நடந்த காலம். கும்பகோணம் பெரிய கடைத்தெரு. தீபாவளிக்கு நாலே நாள்.

சீமைத் துணிக்கடை வாசலில் குறுக்கே படுத்திருந்தாள் குமுதவல்லி. வயது முப்பது. ஜெயிலுக்குப் போய் வந்து பழகினவள். படுத்திருப்பவரைத் தாண்டுவது பாவம். அதிலும் ஒரு பெண்ணை எவன் தாண்டுவான்? அவளிடம் இருந்த ஆயுதம் அவ்வளவுதான்.

பக்கத்தில் கொடியோடு நின்றார் அவளுடைய சீடர் கனகசபை. ஐம்பத்தாறு வயது. வேலையை உதறிவிட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியார். கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“அம்மா, பயம் எப்போது போகும்?”

“என்ன பயம்? அடிக்கா?”

“அடி கிடக்கட்டும். நாளைக்கு நான் படுத்து, எவனாவது தாண்டிப் போய்விட்டால்? என்னிடம் படித்த பயல்களெல்லாம் பார்ப்பார்களே!”

“கொடியை நேராகப் பிடியும், வாத்தியாரே.”

வண்டி வந்து நின்றது. குடும்பத்தோடு இறங்கினார் ஒரு மிராசுதார்.

“தாயே, வழி விடு. பெண்ணுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்குச் சீமை மல் வேட்டி எடுக்கணும்.”

“கதர் எடுங்கள்.”

“கதரா! சம்பந்தி வீட்டில் காறித் துப்புவார்கள்.”

“அப்படியானால் தாண்டிப் போங்கள்.”

மிராசுதார் காலைத் தூக்கினார். அவர் மனைவி அலறினாள். “ஐயோ! நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதென்ன!”

தூக்கிய கால் கீழே வந்தது. தெருவே கை தட்டியது.

போலீஸ் லாரி வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டடி தள்ளியே நின்றார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

“எழுந்திரும்மா.”

“கைது என்று சொல்லும். எழுந்திருக்கிறேன்.”

“கைதுதான் தாயே, எழுந்திரு!”

எழுந்தாள். புடவைத் தூசியைத் தட்டினாள். லாரியில் ஏறினாள். “வந்தே மாதரம்!” கடைத்தெரு அதிர்ந்தது.

வாசல் காலி. மிராசுதார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், விறுவிறுவென்று படியேறினார்.

கனகசபை கொடியை, உள்ளிருந்து எட்டிப் பார்த்த கடை முதலாளி கையிலேயே திணித்தார். தொப்பென்று வாசலில் விழுந்து படுத்தார். மிராசுதார் கால் அவர் மார்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

லாரி கிளம்பிவிட்டது. கிடந்தபடியே கத்தினார்:

“அம்மா! படுத்துவிட்டேன்! பயம் போகவில்லையே!”

லாரியிலிருந்து குரல் வந்தது:

“எனக்கு மட்டும் போய்விட்டதா, வாத்தியாரே!”