வாயில் சேறு படாத ஆமை

அல்லிக்குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை பிறப்பதற்கு முன்னால் எல்லாப் பிராணிகளும் கூடி, குளத்துக்கு ஒரு காவல்காரரைத் தேர்ந்தெடுக்கும். குளத்தின் அடியிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் சேற்றை அள்ளி வந்து, தனக்குப் பிடித்தவரின் காலடியில் துப்ப வேண்டும். யாருடைய குவியல் உயரமோ அவரே காவல். தேர்தலும் முடியும், குளமும் தூர் வாரியதாகும்.

அந்த வருஷம் நாரையும் உடும்பும் போட்டியிட்டன. அதுவரை நாரைதான் காவல். மணல்மேட்டில் ஆமைகள் முட்டையிட்ட இடத்தைச் சுற்றி அது முள் அடைத்து வைத்திருந்தது. உடும்போ, மணல்மேடு எல்லோருக்கும் பொது, நான் வந்தால் முள்ளை எடுத்துவிடுவேன் என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. கீரிகளும் காகங்களும் சப்புக்கொட்டிக்கொண்டு கேட்டன.

கல்லப்பன் என்ற ஆமை பாறைமேல் வெயில் காய்ந்தபடி யோசித்துக்கொண்டிருந்தது. யோசிப்பதுதான் அதற்குத் தொழில். அதன் மனைவி முத்தரசி மணல்மேட்டில் முட்டையிட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. காலையிலேயே நாரையின் காலடியில் சேற்றைத் துப்பிவிட்டு வந்த முத்தரசி, "ஏங்க, இன்னும் கிளம்பலையா?" என்றது.

"நாரை மட்டும் யோக்கியமா? அளவுக்கு மேல மீன் தின்னுது. உடும்பு திருடன். இதுக ரெண்டுல ஒண்ணுக்காக என் வாயைச் சேறாக்கிக்கச் சொல்றியா?"

"வாயைக் கழுவிக்கலாம். முட்டை போனா வருமா?"

கல்லப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே இருட்டாகவும் நிம்மதியாகவும் இருந்தது. நாம் போகாததற்குச் சோம்பல்தான் காரணமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. சேச்சே, நேர்மைதான் காரணம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டது.

சேறு அள்ளப் போன தவளைகள் வழியில் நின்று, பெரியவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டன. கல்லப்பன் தலையை நீட்டி நெடுநேரம் பேசியது. இருவருமே தகுதி இல்லாதவர்கள், விவரம் தெரிந்தவன் இதில் கலந்துகொள்ள மாட்டான் என்றது. விவரம் தெரிந்தவர்கள் பட்டியலில் தாங்களும் சேர்ந்துவிட்டதில் தவளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வந்த வழியே திரும்பி, அல்லி இலைகளின் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டன.

பொழுது சாயும்போது உடும்பின் குவியல் நாரையின் குவியலைத் தாண்டி, அதன் முழங்காலுக்கும் மேலே நின்றது. நாரை வேறு குளம் பார்த்துப் பறந்துபோனது.

மறுநாள் விடிந்ததும் உடும்பு செய்த முதல் வேலை, முள்ளை எடுத்ததுதான். விஷயம் தெரிந்து கல்லப்பனும் முத்தரசியும், ஆமைகளால் ஆனமட்டும், ஓடின. உடும்பு ஏற்கெனவே மணலைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது அநியாயம். என் முட்டை இருக்கிற இடம் இது" என்று மூச்சிரைத்தது கல்லப்பன்.

உடும்பு மரியாதையாக ஒதுங்கி நின்றது. "வாங்கண்ணே. உங்களுக்கு இதுல வருத்தம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நேத்து முழுக்க உங்க பாறையத்தான் பயந்து பயந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க அசையவே இல்லையே."

"நான் உனக்குச் சேறு போடலையே."

"நாரைக்கும் போடலையேண்ணே. எனக்கு அது போதும்."

கல்லப்பன் நேர்மையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் முத்தரசி உடும்பை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் முட்டைக் குழியின்மேல் உட்கார்ந்தது. "பேசினது போதும். மிச்ச இடத்தை மறைச்சு உட்காருங்க" என்றது.

அந்தக் கோடை முழுவதும் இரண்டும் சுடுமணலில் கிடந்தன. கீழே குளம் குளுகுளுவென்று தெரிந்தது. ஆனால் ஒன்று இறங்கினால் மற்றதால் தனியாகக் குழியை மறைக்க முடியாது. உடும்பு தினமும் வந்து, நாக்கை நீட்டி நீட்டி நலம் விசாரித்தது.

"வெயில் ரொம்ப ஜாஸ்தியோண்ணே?"

கல்லப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் பதில் சொன்னது.

"அடுத்த தேர்தல்ல சொல்றேன்டா."

யாரையுமே முழுதாகப் பிடிக்கவில்லை என்று வாக்களிக்காமல் ஒதுங்குகிறவர், தனக்கு ஆகவே ஆகாதவருக்கு வழிவிட்டுத்தான் ஒதுங்குகிறார்.