மயிலின் கறுத்த சிறகு

முன்னொரு காலத்தில், ஒரு மாசி மாதக் காலையில், இருபத்திரண்டு பேர் கூடியிருந்த அவையில், கோடைமங்கலத்தை ஆண்ட வல்லபதேவர் தென்சுவரை மூடியிருந்த திரையை விலக்கினார்.

சுவர் முழுக்க ஈட்டி மரம். அப்பளம்போல் மெல்லிதாக அறுத்த ஏடுகளை, சுவடியை விரித்து வைத்ததுபோல் இரண்டிரண்டாக, ஒன்றை மட்டும் புரட்டி ஒட்டியிருந்தார்கள். நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே ரேகைகள் ஓடி, தோகை விரித்த மயில் தெரிந்தது. வேலையை நடத்தியவர் அமைச்சர் திருமேனிநாதர். "ஒரே மரம்தான் வேண்டும். வேறு மரம் கலந்தால் உமது முத்திரை மோதிரம் உம்மிடம் இராது" என்று அரசர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த மோதிரத்தின்மேல் அரண்மனை அதிகாரி மருதப்பருக்கு நெடுநாளாகக் கண். கதவோரம் இருந்த தம் ஆசனத்திலிருந்து எழுந்தார்.

"மயிலுக்கு ஒரு சிறகு கறுப்பு, ஒரு சிறகு வெளுப்பு, மகாராஜா. இது இரண்டு மரம்."

அரசர் உற்றுப் பார்த்தார். "ஆமாம், ஒரு பாதி கறுப்புதான். அமைச்சரே, மோதிரம்."

அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "தருகிறேன். எந்தப் பாதி கறுப்பு என்று மட்டும் மருதப்பர் சொல்லட்டும்."

"இதில் என்ன சந்தேகம்? ஜன்னல் பக்கத்துப் பாதி."

"கதவுப் பக்கத்துப் பாதி அல்லவா?" என்றார் ஜன்னலோரச் சிம்மாசனத்தில் இருந்த அரசர்.

மருதப்பர் உடனே தலையாட்டினார். "மகாராஜா சொன்னால் கதவுப் பக்கம்தான்."

"அதற்குள் ஜன்னல் பக்கம் வெளுத்துவிட்டதா?" என்றார் அமைச்சர். "சிரமம் பாராமல் சிம்மாசனத்தருகே வந்து பாருங்கள்."

மருதப்பர் நடந்தார். பாதி வழியில் இரண்டு சிறகும் ஒரே நிறமாயின. சிம்மாசனத்தை அடைந்தபோது கதவுப் பக்கம் கறுத்திருந்தது. அரசருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரும் இறங்கிக் கதவுவரை போனார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் கறுப்பு.

"என்ன மாயம் இது?"

"ஒரே மரம்தான், மகாராஜா. ஒரு ஏட்டைப் புரட்டி ஒட்டினால் அதன் நார் எதிர்ப்பக்கம் சாயும். பட்டுத்துணிபோல, ஒரு புறமிருந்து பார்த்தால் மினுங்கும், மறுபுறமிருந்து மங்கும். மரம் அசையவில்லை. மருதப்பர்தான் அசைந்தார். அதுவும் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே."

அவை சிரித்தது. அரசரும் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தார்.

"மோதிரத்தைப் போட்டுக்கொள்ளும். இனி இந்த அவையில் யார்மீது யார் குற்றம் சொன்னாலும், முதலில் அந்தக் கதவுவரை நடந்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். மருதப்பருக்கு ஆசனம் வேண்டாம். அவர் நடந்து பழகட்டும்."

அடுத்த ஆண்டு ஐப்பசி மூன்றாம் நாள், ரசத்தில் உப்புக் கூடியதற்காகச் சமையற்காரரைச் சிறையிலிட அரசர் உத்தரவிட்டார். அமைச்சர் கதவைக் காட்டினார். அரசர் கதவுவரை நடந்துவிட்டு வந்தார். சமையற்காரர் சிறைக்குப் போகவில்லை.